லின்டலோடு நிற்கும் வீடு: மேஸ்திரியிடம் கொடுத்த பணம் திரும்ப வருமா?

கூடல்வாசி:
மதுரையில் மாடியில் 900 சதுர அடி கட்டுகிறேன். லேபர் கான்ட்ராக்ட், சதுர அடிக்கு 500 ரூபாய், மொத்தம் 4.5 லட்சம். பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் இருக்கிறது. 3.2 லட்சம் வாங்கிய மேஸ்திரி லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தோடு வேலையை நிறுத்திவிட்டார். இப்போது வேறு சைட்டில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. மீதி வேலைக்குப் புது மேஸ்திரி 2.8 லட்சம் கேட்கிறார். கொடுத்த 3.2 லட்சத்தைத் திரும்ப வாங்க என்ன வழி?

வைகைக்கரை:
போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள் சார். விசாரணைக்குக் கூப்பிட்டாலே பாதிப் பணம் வந்துவிடும். கோர்ட், நோட்டீஸ் எல்லாம் இதற்குச் சரிப்படாது.

மனுதாரர்_பக்கம்:
இதை நான் ஏற்கமாட்டேன். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் சட்டம்) 318-ஆம் பிரிவின்படி மோசடி என்றால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். லின்டல் வரை சுவர் எழுப்பியவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? "இது சிவில் மேட்டர்" என்று மனுவை முடித்துவிடுவார்கள். போகவேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டித்தருவதும் சேவைதான் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய_கொத்தனார்:
எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எழும்பி நிற்கிற சுவரை யார் கட்டியது? சித்தாள் கூலி யார் கொடுத்தது? 3.2 லட்சத்தையும் திருப்பிக் கேட்டால் எந்த மேஸ்திரியும் எதிரில் வந்து உட்கார மாட்டான். அண்ணே, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். லேபர் கான்ட்ராக்டில் பொருள் உங்கள் பொறுப்பு. கம்பி சரியான நேரத்துக்கு வந்ததா? ஆள் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலி மேஸ்திரி தலையில்தான் விழும். நடுவில் பரண், படிக்கட்டு என்று எக்ஸ்ட்ரா வேலை ஏதாவது சொன்னீர்களா?

கூடல்வாசி:
கம்பியும் சிமென்டும் இன்றும் சைட்டில் கிடக்கின்றன, பில் இருக்கிறது. வராதது மேஸ்திரி கொண்டுவர வேண்டிய சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் போடத் தாங்கும் தகடு) மட்டும்தான். எக்ஸ்ட்ரா வேலை எதுவும் இல்லை.

மனுதாரர்_பக்கம்:
முழுத்தொகை விஷயத்தில் கொத்தனார் சொல்வது சரி. கணக்கு இப்படி வரும். கொடுத்தது 3.2, இனி ஆகப்போவது 2.8, ஆக 6 லட்சம். பேசியது 4.5. உங்கள் நஷ்டம் 1.5 லட்சம். ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின் அடிப்படை இதுதான். இதைக் கேளுங்கள், மேலே அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாகக் கேளுங்கள்.

பழைய_கொத்தனார்:
அந்த 2.8-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். அடுத்தவன் விட்ட வேலையை எடுப்பவன் எப்போதும் ஏற்றித்தான் கேட்பான். இன்னும் இரண்டு பேரிடம் எழுத்தில் ரேட் வாங்குங்கள்.

வைகைக்கரை:
சரி, 1.5 லட்சத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மேஸ்திரி பேரில் என்ன இருக்கிறது? ஒரு பைக், நாலு சாரப் பலகை. ஆர்டரை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளவா? அதுவும் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதோடு சரி, உள்ளே போனவர்களுக்குத் தெரியும் எவ்வளவு இழுக்கும் என்று.

மனுதாரர்_பக்கம்:
இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் உத்தரவை மதிக்காவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ உண்டு. ஊரில் தொழில் செய்கிற ஆளுக்கு அது போதும். காத்திருக்க முடியாது என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், செலவில்லை. இருவரும் ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணையில் கொடுப்பதாகக்கூட எழுதலாம்.

வைகைக்கரை:
ஒத்துக்கொள்ள அவர் முதலில் வரவேண்டுமே! அதற்குத்தான் ஸ்டேஷன் என்றேன்.

கூடல்வாசி:
மழை வருகிறது, சிமென்ட் கட்டிப்போகும். புது மேஸ்திரியை இறக்கிவிடலாமா?

பழைய_கொத்தனார்:
அளவெடுக்காமல் ஒரு கல் வைக்காதீர்கள் அண்ணே. மேலே சுவர் ஏறிவிட்டால் யார் எதுவரை கட்டியது என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

மனுதாரர்_பக்கம்:
ஒரு தேதி குறித்து, "அன்று அளவெடுக்கிறோம், நீங்களும் வாருங்கள்" என்று மேஸ்திரிக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம், வாட்ஸ்அப்பிலும் அதே செய்தி. அன்று சிவில் இன்ஜினியரை வைத்து அளந்து, படம் எடுத்து, அறிக்கையில் அவர் கையெழுத்து வாங்குங்கள். பழைய மேஸ்திரி வராவிட்டால் வரவில்லை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.