புதுப்பிப்பு: இரவு ஷிப்டில் வந்த மலச்சிக்கல், உப்புசம் சரியானது

இரவு ஷிப்டுக்கு மாறியதிலிருந்து மலச்சிக்கல், உப்புசம் என்று ஏப்ரலில் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரமாகிறது, இப்போது காலையில் தொந்தரவில்லை.

கைகொடுத்தது, 'கீரை, வாழைத்தண்டு, சுண்டல் என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள்' என்ற யோசனைதான். நான் அவசரப்பட்டு முதல் நாளே எல்லாவற்றையும் சாப்பிட்டதில் உப்புசம் இன்னும் ஏறியது. அலுவலகத்தில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அப்புறம் அளவைப் பாதியாக்கி, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கொண்டைக்கடலையை 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறைகிறது. வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் கொஞ்சம் ஊறவைத்த தண்ணீரிலேயே கரைந்து போய்விடும்.

பழைய சோறு சாப்பிடச் சொன்ன யோசனை என்னவாயிற்று என்றால், பிடித்திருக்கிறது. ஆனால் சென்னை மே மாத வெக்கையில் சீக்கிரமே அளவுக்கு மீறிப் புளித்துவிடுகிறது.