மத்திய அரசு டெண்டர்: விலை உறை திறக்கும் முன்பே தள்ளிவிடுகிறார்கள், என்ன குறை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்களுடையது சிறு துப்புரவு, பராமரிப்பு நிறுவனம். பஞ்சாயத்து வேலைகள் செய்த அனுபவம் உண்டு. பாலக்காடு, கோவைப் பக்கம் மத்திய அரசு டெண்டர் போட்டால் விலையைப் பார்க்கும் முன் தகுதி பார்க்கும் தொழில்நுட்பக் கட்டத்திலேயே தகுதியில்லை என்று வருகிறது. எப்படி எழுதுவது?

வாளையார்வாசி:
தம்பி, முதலில் 'ஒத்த பணி', அதாவது இதே மாதிரி நீங்கள் முன்பு முடித்த வேலைகளின் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலும் கடந்த 7 ஆண்டுகளில், மதிப்பீட்டுத் தொகையில் 40% அளவுக்கு 3 வேலை, அல்லது 50%க்கு 2, அல்லது 80%க்கு 1 கேட்பார்கள். பணி ஆணை மட்டும் போதாது. முடித்த சான்றிதழில் தொகையும் தேதியும் இருக்கணும். பஞ்சாயத்து மலையாளத்தில் தந்த சான்றென்றால், சான்றொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். எல்லைப் பக்கத்து ஆட்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மீனாட்சிபுரம்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ஓர் அட்டவணை போடுங்கள்: டெண்டர் நிபந்தனை எண், உங்கள் பதில், ஆவணம் உள்ள பக்கம். மதிப்பிடுபவரைத் தேடவிட்டால் மதிப்பெண் போச்சு. "தரமான சேவை தருவோம்" என்ற வரி வீண். எந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர், என்ன இயந்திரம், ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், இதை எழுதுங்கள். தொழில்நுட்ப உறையில் விலை எங்கேயும் தலைகாட்டக் கூடாது. தெரிந்தால் அங்கேயே நிராகரிப்பு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கு. டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகை கட்டணுமா அண்ணா?

வாளையார்வாசி:
சேவை நிறுவனத்துக்கு விலக்கு உண்டு, சான்றை ஏற்றினால்தான். எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், குறு, சிறு அல்லாத நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15%க்குள் கூடுதலென்றால், அவர்கள் விலைக்கு இறங்கி வேலையில் ஒரு பங்கு பெறலாம். வெறுமனே வாங்கி விற்பவர்களுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது.