பிரைட்னஸில் 0 எழுதினால் பேக்லைட் அணைந்துவிடுமா?

மின்மினி:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பேக்லைட்டை அணைக்க பிரைட்னஸ் கோப்பில் 0 எழுதினால் போதும். பிஎல்_பவர் பழைய காலத்து மிச்சம், புது டிரைவர் எழுதுகிறவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்" என்கிறார். பேக்லைட் என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு; பிரைட்னஸும் பிஎல்_பவரும் அதைக் கட்டுப்படுத்த லினக்ஸ் காட்டும் இரண்டு கோப்புகள். இதை நம்பி நாலு பேர் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுத உட்கார்ந்தால் என்ன ஆவது? 0 என்பது வெளிச்சத்தின் அளவு. அணைப்பது வேறு வேலை. அதற்கென்றே லினக்ஸின் மையமான கெர்னல் பிஎல்_பவர் என்று தனிக் கோப்பு வைத்திருக்கிறது. அதில் 0 எழுதினால் எரியும், 4 எழுதினால் அணையும்.

கருந்திரை:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், ஒளிந்துகொண்டு கல்லெறிய வேண்டியதில்லை. பிடபிள்யூஎம் (விளக்கை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) பேக்லைட் டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்கள். பிரைட்னஸ் 0-க்கு மேல் இருந்தால் பவர் ஆன் ஃபங்ஷன், இல்லாவிட்டால் பவர் ஆஃப் ஃபங்ஷன். விளக்கை இயக்கும் எனேபிள் பின் (ஜிபிஐஓ) கீழே இறங்குகிறது, மின்சாரம் தரும் ரெகுலேட்டரும் விடுவிக்கப்படுகிறது. இதற்குப் பெயர் அணைப்பது இல்லையென்றால் வேறு என்ன?

மின்மினி:
அது ஒரு டிரைவர். அந்த டிரைவர் அப்படி முடிவு செய்திருக்கிறது, அவ்வளவுதான். ஏசிபிஐ வழியாக, அதாவது கணினியோடு வரும் ஃபர்ம்வேரிடம் கேட்டு வேலை செய்யும் மடிக்கணினியில் அதே 0, ஃபர்ம்வேர் கொடுத்த அளவுப் பட்டியலின் கடைசிப் படி. பெரும்பாலும் மங்கலாக எரிந்துகொண்டேதான் இருக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி-யின் பேக்லைட் சேவை, பூட் ஆகும்போது சேமித்த அளவை எப்படித் திருப்பி எழுதுகிறது தெரியுமா? 1 அல்லது அதிகபட்சத்தில் 5 சதவீதம், இரண்டில் எது பெரியதோ அதற்குக் கீழே போகவே விடாது. 0 எழுதினால் திரை இருளுமா, மங்குமா என்று வெளியிலிருந்து நம்பிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் அந்தக் காவல். நீங்களோ அதை அணைக்கும் சுவிட்ச் என்கிறீர்கள்.

கருந்திரை:
"திரை இருளுமா" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 0 எழுதினால் அணையும் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

மின்மினி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முழு வாக்கியத்தையும் படியுங்கள். 0 என்பது அளவு.

பழைய_பிழை:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். அதென்ன 4? எரிய 1, அணைய 0 என்று வைத்திருந்தால் எல்லோருக்கும் புரியுமே. நான் முதல்முறை பிஎல்_பவரில் 1 எழுதினால் விளக்கு வரும் என்று நம்பி எழுதினேன். திரை இருண்டுவிட்டது. போர்டு செத்துவிட்டது என்றே நினைத்தேன். கைப்பேசி டார்ச்சை பேனலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நான் தட்டிய கட்டளை சாம்பல் நிறத்தில் அங்கேயே நிற்கிறது, பக்கத்தில் கர்சர் மினுக்குகிறது. படம் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை.

மின்மினி:
தம்பி, அந்த எண்கள் ஃபிரேம்பஃபர் என்ற பழைய திரை அமைப்பின் காலத்தவை. 0 என்றால் திரை திறந்திருக்கிறது. 1 வெறுமையாக்கல், 2-ம் 3-ம் பழைய குழாய் வகை (சிஆர்டி) மானிட்டரின் சிங்க் சிக்னல்களை நிறுத்தும் நிலைகள், 4 முழுப் பவர்டவுன். பேக்லைட்டுக்கு நடுவில் உள்ளவற்றால் பயனில்லை. 0 அல்லாத எதுவும் அணைவு என்றே கெர்னல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் 1 திரையை இருட்டாக்கியது. 2024-இல் இவற்றுக்கு ஃபிரேம்பஃபர் பெயர்களை விட்டுவிட்டு பேக்லைட்டுக்கென்றே சொந்தப் பெயர்கள் வைத்தார்கள். 0-ம் 4-ம் மாறவில்லை. பழைய மிச்சம் என்றால் புதுப் பெயர் வைத்து ஏன் பராமரிக்கிறார்கள்? கருந்திரை இதற்குப் பதில் சொல்லட்டும்.

சொல்வேட்டை:
"பேக்லைட்", "பிரைட்னஸ்" என்று எத்தனை முறைதான் எழுதுவீர்கள்? பின்னொளி, ஒளிர்வு என்று அழகான சொற்கள் இருக்கின்றன.

மின்மினி:
பின்னொளி நல்ல சொல்தான், வேறிடத்தில் நானே எழுதுவேன். ஆனால் இங்கே கோப்பின் பெயர் பிரைட்னஸ். அதை மாற்றி எழுதினால் படிப்பவர் எந்தக் கோப்பைத் தேடுவார்?

சொல்வேட்டை:
சோம்பலுக்கு ஒரு சாக்கு.

கருந்திரை:
பெயரில் என்ன இருக்கிறது, விஷயத்துக்கு வருவோம். நான் பிஎல்_பவரில் 4 எழுதுகிறேன். விளக்கு அணைகிறது. சற்று நேரத்தில் திரை தூங்கி மீண்டும் எழுந்தால், கெர்னலில் திரையை நடத்தும் டிஆர்எம் பகுதியின் பேனல் கோடு தன் வேலையாக பேக்லைட்டை எனேபிள் செய்கிறது. என் 4 போய் 0 வந்துவிடுகிறது! பிரைட்னஸில் எழுதிய 0 மட்டும் அப்படியே இருக்கிறது. எது நம்பகமானது? இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

மின்மினி:
நேராகவே சொல்கிறேன். அது குறை இல்லை, அதுதான் அமைப்பு. பேனலுக்கு மின்சாரம் வந்து, சரியான படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பேக்லைட் எரிய வேண்டும். அணைக்கும்போது முதலில் பேக்லைட், அப்புறம் பேனல். வரிசை தப்பினால் வெள்ளையாக ஒரு மின்னல் அடிக்கும், இல்லையென்றால் குப்பைப் படம் தெரியும். இந்த வரிசையைக் காப்பாற்றத்தான் பவர் நிலை டிஆர்எம் கையில் இருக்கிறது. பயனர் வைத்த வெளிச்ச அளவை அது தொடுவதே இல்லை. 180 வைத்திருந்தால் அணைத்து எழுப்பிய பிறகும் பிரைட்னஸ் கோப்பில் 180தான். உங்கள் முறையில் அந்த 180 அழிந்துபோகிறது. அதை வேறெங்கோ குறித்து வைத்துத் திருப்பி எழுத ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

இன்னொன்று. போன மாதம் ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பில் பேசும் ஓர் எல்இடி சிப்புக்கு யாரோ எழுதிய டிரைவர் என் கைக்கு வந்தது. அளவு 0 என்றால் ரெஜிஸ்டரில் 0 எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது. மல்டிமீட்டர் முனையை எனேபிள் பின்னில் வைத்தேன். 3.3 வோல்ட், அசையவில்லை. திரை கறுப்பு, சிப் விழித்தே இருக்கிறது, பேட்டரி கரைகிறது. இதை எழுதியவரும் 0 என்றால் அணைவு என்றுதான் நினைத்திருப்பார்.

கருந்திரை:
அந்த டிரைவர் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு என் 0 என்ன செய்யும்? இதே குணம்தான் உங்களுக்கு. போன வருடம் நான் அனுப்பிய பேட்ச்சை, அதாவது கோடு திருத்தத்தை, விளக்கம் போதவில்லை என்று மூன்று முறை திருப்பினீர்கள். கோடில் ஒரு தப்பும் இல்லை.

மின்மினி:
விளக்கம் ஒரே வரி. அதிலும் "சிறு திருத்தம்" என்று மட்டும் இருந்தது. ஏன் மாற்றுகிறோம் என்று எழுதாத பேட்ச்சை நான் இன்றைக்கும் திருப்புவேன்.

கருந்திரை:
அது 14 வரி மாற்றம்!

இரவுநிழல்:
ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் பேக்லைட்டே கிடையாது. நீங்கள் எல்லாரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

மின்மினி:
ஓஎல்இடி மடிக்கணினியிலும் அதே பேக்லைட் அடைவில்தான் பிரைட்னஸ் கோப்பு வருகிறது. பின்னால் விளக்கே இல்லாத இடத்திலும் அந்தக் கோப்பு இருக்கிறது என்றால், அதிலுள்ள எண் அளவைத்தானே குறிக்க வேண்டும்?

சொல்வேட்டை:
பின்னொளி.

கருந்திரை:
என் போர்டில் இப்போதுதான் மறுபடி 0 எழுதிப் பார்த்தேன். அணைந்தது. எனேபிள் பின் 0 வோல்ட். நீங்கள் எத்தனை பத்தி எழுதினாலும் இது மாறாது.

மின்மினி:
உங்கள் போர்டில் இருப்பது பிடபிள்யூஎம் டிரைவர். அது அணைக்கத்தான் செய்யும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பிரைட்னஸ் கோப்புக்குப் பக்கத்திலேயே, விளக்கு எதன் வழியாகக் கட்டுப்படுகிறது என்று சொல்லும் டைப் என்று ஒரு கோப்பு இருக்கும். ஃபர்ம்வேர் என்று காட்டும் ஒரு கணினியில் அதே 0-வை எழுதி, இருட்டறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை 0 என்பது அளவு.

கருந்திரை:
0 என்றால் அணைவு. என் பதிவைத் திருத்தப் போவதில்லை.