சூடோ உரிமையே இல்லாத மாணவன் ரூட் ஆனது எப்படி?

லேப்_சாவி:
வணக்கம். கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. மாணவர்கள் எல்லாரும் ஒரே சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து சி புரோகிராம் எழுதுவார்கள். உபுண்டு 18.04. 2021 கடைசியில் அப்டேட் போட்டேன், மறுநாள் பிராக்டிகல் தேர்வில் கம்பைலர் மக்கர் பண்ணி மானம் போனது. அன்றோடு அப்டேட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

நேற்று மாலை லேப் பூட்டப் போகும் நேரம், மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் "சார், ஒரு நிமிஷம்" என்றான். திரையில் சாதாரணக் கணக்குக்கான டாலர் குறி. அவன் வீட்டு ஃபோல்டரிலிருந்து ஏதோ ஒன்றை ஓட்டினான். டாலர் இருந்த இடத்தில் ஹேஷ் வந்து நின்றது. 'ஹூஆம்ஐ' என்று அடித்தான். 'ரூட்' என்றது, அதாவது சர்வரின் முழு அதிகாரமும் உள்ள கணக்கு. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை.

சூடோ பட்டியலில், அதாவது ரூட்டாக வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் பட்டியலில், என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபயர்வாலும் உண்டு. கேட்டதற்கு "பிகேஎக்ஸெக், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். எப்படி நடந்தது? இப்போது என்ன செய்ய? அவனை ஹெச்ஓடியிடம் சொல்லவேண்டுமா?

நைட்_ஷிஃப்ட்:
மற்றதெல்லாம் அப்புறம். பிகேஎக்ஸெக் என்பது ஒரு கட்டளையை வேறொரு பயனராக ஓட்டித் தரும் நிரல். முதலில் ரூட்டாகப் போய் அந்த ஃபைலுக்கு 'சிஹெச்மோட் 0755' கொடுங்கள். யார் ஓட்டினாலும் அதை ரூட்டாக எழுப்பும் செட்யூஐடி பிட் போய்விடும், அந்த வழி அடைபடும். ஃபயர்வால் வெளியாளுக்கு. இவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன்.

பழைய_சி_ஆள்:
இது சிவிஇ-2021-4034 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை, 'பிவ்ன்கிட்' என்பார்கள். குவாலிஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்து 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டார்கள். பிகேஎக்ஸெக்கின் முதல் பதிப்பு 2009 மே மாதம் வந்தது. அன்றிலிருந்தே இந்த ஓட்டை இருந்திருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் எல்லாமே மாட்டின.

பிகேஎக்ஸெக் ஒரு செட்யூஐடி நிரல். யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடுதான் எழுந்திருக்கும். கேட்டவனுக்கு அனுமதி உண்டா என்று பிறகுதான் விசாரிக்கும். உங்கள் பையன் விசாரணை வரைக்கும் போகவே இல்லை, சூடோ பட்டியல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

சி-யில் மெயின் எழுதியவர்களுக்கு ஆர்க்வி (நிரலுக்குக் கொடுத்த சொற்களின் வரிசை), ஆர்க்சி (அவற்றின் எண்ணிக்கை) தெரியும். ஆர்க்வி வரிசையில் பூஜ்யமாவது இடம் நிரலின் சொந்தப் பெயர். அதனால் பிகேஎக்ஸெக் தன் லூப்பை 1-லிருந்து தொடங்கும். நானும் முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு நிரலைக் கிளப்புகிறவன் வெறும் பட்டியலைக் கொடுத்தும் கிளப்பலாம், லினக்ஸ் அப்போது அதைத் தடுக்கவில்லை. அப்போது ஆர்க்சி பூஜ்யம். லூப் ஒரு சுற்றும் சுற்றாது, எண் மட்டும் 1-லேயே நிற்கும். நிரல் ஆர்க்வியின் 1-வது இடத்தைப் படிக்கும். பட்டியலோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அதற்கு அடுத்து ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் என்ன இருக்கிறது? சூழல் மாறிகள் (நிரலுக்குக் கூடவே தரப்படும் அமைப்புகள்), ஒட்டினாற்போல். லைன் வீட்டில் கதவெண் தப்பிப் பக்கத்து வீட்டில் நுழைந்த கதை. முதல் சூழல் மாறியை எடுத்து, 'இதுதான் ஓட்டவேண்டிய கட்டளை' என்று நம்பி, பாத் மாறி சொல்லும் ஃபோல்டர்களில் தேடி, கிடைத்த முழு முகவரியை எடுத்த இடத்திலேயே திரும்ப எழுதும். எல்லைக்கு வெளியே படித்தது ஒரு தப்பு, அங்கேயே எழுதியது அதைவிடப் பெரிய தப்பு.

செட்யூஐடி நிரல் கிளம்பும்போதே, அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர் ஆபத்தான மாறிகளைப் பிடுங்கிப் போட்டுவிடும். எழுத்துமாற்ற மாட்யூல்கள் எந்த ஃபோல்டரில் என்று சொல்லும் 'ஜிகான்வ்_பாத்' அதில் ஒன்று. இங்கே வாசலில் பறித்த கத்தியை, உள்ளே வந்தபிறகு, அந்தத் திரும்ப எழுதும் வேலையால் நிரலே திருப்பிக் கொடுக்கிறது. அடுத்து வேண்டியது ஒரு பிழைச் செய்தி. எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 இல்லை என்று வைத்துவிட்டால், அந்தச் செய்தியை மாற்ற ஜிலிப்சி (சி நிரல்களின் அடிப்படை நூலகம்) ஒரு மாட்யூலைத் தேடும். ஜிகான்வ்_பாத் காட்டும் ஃபோல்டரில் பையன் வைத்த ஃபைல் இருக்கும். அது ரூட்டாக ஓடும். சில வரிகள் தள்ளி பிகேஎக்ஸெக் சூழலை முழுக்கத் துடைக்கிறது, ஆனால் அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

பஃபரை நிரப்பி வழியவிடுகிற வேலையே இதில் கிடையாது. நினைவக முகவரி ஊகிக்கவேண்டாம், அதனால் முகவரியைக் கலைத்துப்போடும் பாதுகாப்பெல்லாம் குறுக்கே வராது. ஒவ்வொரு முறையும் பலிக்கும். ரயன் மல்லன் என்பவர் 2013-லேயே ஆர்க்சி பூஜ்யமானால் பிகேஎக்ஸெக் தடுமாறுவதை எழுதினார், ரூட் வரை அது போகும் என்று அப்போது தெரியவில்லை. ஓபன்பிஎஸ்டி வெறும் பட்டியலை முதலிலேயே மறுத்துவிடும். லினக்ஸ் கெர்னல் 5.18-லிருந்து வெற்றுச் சரம் ஒன்றைத் தானே போட்டு நிரப்புகிறது.

உங்கள் ஆத்.லாக்கில் (யார் நுழைந்தார்கள், என்ன அதிகாரம் கேட்டார்கள் என்ற பதிவு) பிகேஎக்ஸெக் பெயரோடு, ஷெல் மாறியின் மதிப்பு 'ஈடிசி ஷெல்ஸ்' ஃபைலில் இல்லை என்று புலம்பும் வரி இருக்கிறதா பாருங்கள். தடயமே விடாமலும் செய்யலாம், ஆகவே வரி இல்லையென்றால் நிம்மதி என்று அர்த்தமில்லை.

லேப்_சாவி:
0755 கொடுத்துவிட்டேன். லாக் நாலைந்து வாரத்துக்குத்தான் இருக்கிறது. அதில் நேற்று மாலை வரி ஒன்று, பையன் பெயரில். சரி. அதற்குப் பத்தொன்பது நாள் முன்பு, இரவு 11.40-க்கு, இன்னொரு வரி. போன வருஷம் படித்து முடித்துப்போன ஒரு மாணவனின் கணக்கு. அதை நான் மூடவே இல்லை. இன்டர்னல் மார்க் ஷீட்டும் அதே சர்வரில்தான்.

நைட்_ஷிஃப்ட்:
அப்டேட் மட்டும் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ரூட் கை மாறிய மெஷினில் ஃபைல் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' சொல்வதைக்கூட நம்பமுடியாது. ஃபார்மட்தான். 18.04-க்கு இலவச அப்டேட் 2023-லேயே நின்றுவிட்டது, புதுசாகப் போடுங்கள். எல்லாருடைய பாஸ்வேர்ட், எஸ்எஸ்ஹெச் சாவி அத்தனையும் மாற்றுங்கள். மார்க்கைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள், பேக்கப்போடு இல்லை. பேக்கப் எடுத்ததும் அதே மெஷின்தானே?

பழைய_சி_ஆள்:
பையனைப் பற்றிக் கேட்டீர்கள். தப்பு பண்ண நினைத்தவன் லேப் பூட்டுகிற ஆளைக் கூப்பிட்டுக் காட்டமாட்டான். ஹெச்ஓடியிடம் சொல்லுங்கள், கூடவே அந்த 11.40 வரியையும் காட்டுங்கள்.

லேப்_சாவி:
சொல்லிவிட்டேன். மார்க் ஷீட்டில் இரண்டு பேப்பர் வரை சரிபார்த்தாயிற்று, இன்னும் நாலு பாக்கி. சனிக்கிழமை ஃபார்மட். பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். டிஃபன் என் செலவு.