தம்பியின் திருமணமும் என் நம்பிக்கையும்

கேள்வி:
நான் தினமும் ஜெபம் செய்கிறவள். என் தம்பி ஒன்பது வருடமாக இன்னொரு ஆணோடு வாழ்கிறான். போன மாதம் அவனுக்கு அவசர அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போட ரத்த உறவு வேண்டும் என்றார்கள். கூட வந்தவர் வாசலிலேயே நின்றார். நான் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆனது. அவர் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இவர்களுக்குச் சட்டப்படி திருமணம் வேண்டும் என்று நான் சொன்னால் அது என் விசுவாசத்துக்குத் துரோகமா? சட்டம் வந்தால் எங்கள் போதகர் நடத்தி வைத்தே ஆக வேண்டுமா?

பதில்:
கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கான கனடாவின் 2005 சட்டமும், இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2013 சட்டமும் மதகுருமார் மறுக்கலாம் என்று தெளிவாகவே சொல்கின்றன. சட்டப்படியான திருமணப் பதிவு வேறு, சடங்கு வேறு. பதிவு தருவது வாரிசுரிமை, ஓய்வூதியம், இந்தக் கையெழுத்து போன்றவைதான்.

பதில்:
எனக்கு உடன்பாடில்லை. திருமணம் என்ற சொல்லே எனக்குப் புனிதமானது. ஆனாலும் அவரை வாசலில் நிறுத்தியது அநியாயம்.

பதில்:
அக்கா, விவாகரத்துக்குப் பின் முதல் துணை உயிரோடிருக்கையில் நடக்கும் மறுமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக ஏற்பதில்லை. பெரும்பாலான நாடுகளில் சட்டம் ஏற்கிறது. இரண்டும் அருகருகே இருக்கின்றனவே.

கேட்டவர்:
மறுமணத்தோடு ஒப்பிட்டு நான் யோசிக்கவே இல்லை. என் சித்தியே அப்படி மணந்தவர். அவருடைய உரிமையை நாங்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை. சரி, சட்டம் வரும்வரை தம்பியும் அவரும் உயிலும் மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரமும் எழுதி வைக்கலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.