மீடியேட்டர் ஆகணும், வக்கீல் இல்ல, எங்க ஆரம்பிக்கிறது?

வேளச்சேரி_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில எச்ஆர்ல இருக்கேன், லா படிக்கல. எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரியும் நான்தான். அதனால ஆபீஸ்ல லீடுக்கும் டீமுக்கும் முட்டிக்கிட்டாலும் சரி, இங்க கார் பார்க்கிங், பாத்ரூம் கசிவுன்னாலும் சரி, கடைசில என்கிட்டதான் வந்து நிக்கிறாங்க. ரெண்டு தரப்பையும் பேச வச்சு சமரசத்துக்கு கொண்டு வர்ற இந்த மீடியேட்டர் வேலை எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, முறையா கத்துக்கணும். கோர்ஸ் எங்க, லா டிகிரி இல்லாம முடியுமா, அப்புறம் ரெண்டு பக்கமும் கேட்டவுடனே "சரி இப்படி பண்ணிடுங்க"ன்னு சொல்லத் தோணுதே, அதை எப்படி அடக்குறது?

பாரிமுனை_அட்வகேட்:
மேடம், நல்ல ஊர்லதான் இருக்கீங்க. நாட்டுலயே கோர்ட்டோட சேர்ந்த முதல் சமரச மையம் நம்ம சென்னை ஹைகோர்ட்லதான் 2005 ஏப்ரல் 9ல ஆரம்பிச்சாங்க. கோர்ட் பேனல்ல (கோர்ட் வச்சிருக்கிற மீடியேட்டர் லிஸ்ட்ல) சேர 40 மணி நேர ட்ரெய்னிங், அதுக்கப்புறம் நிஜ கேஸ்ல பழகணும், ஆனா அந்த பேனல்ல பெரும்பாலும் அட்வகேட்ஸும் ரிடையர்டு ஜட்ஜும்தான். அதுக்காக உங்களுக்கு கதவு மூடியிருக்குன்னு நினைச்சுடாதீங்க, 2023 மீடியேஷன் சட்டப்படி ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா அவங்களே மீடியேட்டரை தேர்ந்தெடுத்துக்கலாம், வக்கீலாதான் இருக்கணும்னு இல்ல. ஆனா அந்தச் சட்டத்தோட எல்லாப் பிரிவும் ஒரே நேரத்துல அமலுக்கு வரல, இப்போ எதெல்லாம் அமல்ல இருக்குன்னு பார்த்துக்கங்க.

நீங்க கடைசியா கேட்டதுதான் உண்மையான கேள்வி. எங்க ட்ரெய்னிங்ல ஒரு ரோல் ப்ளே கொடுத்தாங்க (நிஜ கேஸ்ல பேசுனதை வெளிய சொல்லக் கூடாது, அதனால இதை சொல்றேன்). மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து கீழ் வீட்டு சீலிங்ல தண்ணி. கீழ் வீட்டுக்காரர் "அவன் வேணும்னே பண்றான் சார், கேஸ் போடாம விட மாட்டேன்"ங்கிறார், மேல இருக்கிறவர் "டைல்ஸை உடைக்க விடவே மாட்டேன்"ங்கிறார். அங்க உட்கார்ந்த எல்லாருக்கும் பிளம்பரைக் கூப்பிட்டு செலவை பாதி பாதி போடுங்கன்னு சொல்ல நாக்கு துடிக்குது. ட்ரெய்னர் தடுத்துட்டாங்க. முதல்ல கீழ் வீட்டுக்காரர்கிட்ட அவர் சொன்னதையே காரம் எடுத்து திருப்பி சொல்லச் சொன்னாங்க: "கசிவு நிக்கணும், இத்தனை மாசமா நீங்க சொன்னதை யாராவது காதுல வாங்கணும், அதானே சார்?" மனுஷன் "ஆமாங்க, அதேதான்"னு சாய்ஞ்சு உட்கார்ந்துட்டார். அப்புறம் மேல் வீட்டுக்காரரோட தனியா பேசினா, அவர் அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அவங்களுக்கு இருக்கிறதே அந்த ஒரு பாத்ரூம்தான், அதை எல்லார் முன்னாடியும் சொல்ல அவருக்கு கூச்சம். செலவு ஒரு விஷயமே இல்ல. பாதி பாதின்னு முதல்லயே சொல்லியிருந்தா இது கடைசி வரைக்கும் வெளிய வந்திருக்காது. வேலை நடக்கிற நாள்ல அம்மாவை தங்கச்சி வீட்ல வச்சுக்கலாம்னு அவரே சொன்னார்.

தனியா பேசி முடிச்சு எழுந்திருக்கும்போது மறக்காம கேளுங்க, "இதுல அவங்ககிட்ட எதை சொல்லலாம், எதை சொல்லக் கூடாது?"ன்னு. இந்த ஒரு கேள்வி விட்டுப்போச்சுன்னா நம்பிக்கை போயிடும், அதோட எல்லாம் முடிஞ்சுது.

ரிடையர்டு_பேங்க்காரர்:
இவ்வளவு எதுக்கு சார், பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்து நியாயம் இதுதான்னு சொன்னா முடிஞ்சுது, காலம் காலமா அப்படித்தானே பண்ணாங்க.

பாரிமுனை_அட்வகேட்:
சார், மரியாதையோட சொல்றேன், அது பஞ்சாயத்து. அதுல முடிவு சொல்றவர் கையில, மீடியேஷன்ல முடிவு சண்டை போடுற ரெண்டு பேர் கையில. பிடிக்கலன்னா யாரும் எழுந்து போயிடலாம். ஒத்துக்கிட்டு எழுதி கையெழுத்து போட்டு மீடியேட்டரும் உறுதி பண்ணிட்டா அந்த 2023 சட்டப்படி அது கோர்ட் டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) மாதிரி செல்லும். கேஸ் ஏற்கனவே கோர்ட்ல இருந்தா கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும், தமிழ்நாட்டு கேஸ் ஒன்னுலயே 2021ல சுப்ரீம் கோர்ட், வெளிய பேசி முடிச்சுக்கிட்டவங்களுக்கும் ஃபீஸை திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. ஆனா ஒன்னு, சட்டத்துல கம்யூனிட்டி மீடியேஷன்னு தனியா இருக்கு, ஏரியாவுல அமைதி கெடுற மாதிரி சண்டைக்கு, 3 மீடியேட்டர் உட்காருவாங்க. அதுல போடுற ஒப்பந்தம் டிக்ரி மாதிரி செல்லாது.

எச்ஆர்_தோழி:
அக்கா, நானும் எச்ஆர்தான், ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். பாலியல் தொல்லை கம்ப்ளைன்ட் வந்தா "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க"ன்னு நீங்க உட்காரவே கூடாது. வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டப்படி அது அதுக்குன்னு இருக்கிற புகார் கமிட்டிக்குத்தான் போகணும், அந்தப் பொண்ணே கேட்டாதான் சமரசம், அதுலயும் பணத்தை வச்சு முடிக்கக் கூடாது. இதை பல ஆபீஸ்ல கண்டுக்கிறதே இல்ல, பார்க்கும்போது வயிறு எரியுது.

இன்னொன்னு, உங்க சொந்த அபார்ட்மென்ட்ல நீங்க மீடியேட்டரா? மெயின்டனன்ஸ் வசூல் பண்றதும் நீங்க, நோட்டீஸ் ஒட்டறதும் நீங்க, பார்க்கிங் பாக்கி இருக்கிறவர் உங்களை எப்படி நடுநிலைன்னு நம்புவார்? நடுநிலைய பாதிக்கிற மாதிரி எந்தத் தொடர்பு இருந்தாலும் மீடியேட்டர் முன்கூட்டியே எழுத்துல சொல்லணும்னு சட்டமே சொல்லுது.

வேளச்சேரி_வாசி:
இது எனக்கு தோணவே இல்லமா, ரொம்ப நன்றி. அப்போ பழகறதுக்கு எங்க போறது?

எச்ஆர்_தோழி:
பக்கத்து அபார்ட்மென்ட் செக்ரட்டரியோட பேசி வச்சுக்கங்க அக்கா, உங்க பில்டிங் சண்டைக்கு அவங்க, அவங்க பில்டிங்குக்கு நீங்க. முதல்ல அவங்க பண்றப்போ ரெண்டு தரப்பும் சரின்னா ஓரமா உட்கார்ந்து பாருங்க. தினமும் ஆபீஸ்லயும் ஒரு பயிற்சி இருக்கு, யாராவது புகாரோட வந்தா "ஏன் அப்படி பண்ணீங்க"ன்னு கேட்காம "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு மட்டும் கேட்டுட்டு அவங்க நிறுத்தினதுக்கு அப்புறமும் கொஞ்சம் சும்மா இருங்க, பெரும்பாலும் முக்கியமானதை அதுக்கப்புறம்தான் சொல்வாங்க.

பாரிமுனை_அட்வகேட்:
சரியா சொன்னீங்கமா. மேடம், கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ஒன்னு மட்டும் கேளுங்க, ரோல் ப்ளே எத்தனை மணி நேரம், பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சு ஃபீட்பேக் கொடுக்க ஆள் இருக்காங்களான்னு. வெறும் வீடியோவும் சர்டிஃபிகேட்டும்னா பணம் கட்டாதீங்க.