வாய்க்கால் கோடுகள் ஒட்டவில்லை. ஒட்டினால் பாசனத் தண்ணீர் வடிகாலில் இறங்குகிறது

கடைமடை:
திருவாரூர் பக்கம் வெண்ணாற்றுப் பாசனத்தில் வாய்க்கால், வடிகால், மதகு எல்லாம் கியூஃபீல்டில் (போனில் வரைபடம் எடுக்கும் செயலி) நடந்து பதிகிறோம். நாலு பேர், நாலு போன். கணினியில் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் சேர்த்தால் கிளை வாய்க்கால் தலைப்பு மதகைத் தொடாமல் 3, 4 மீட்டர் முன்னாலேயே நிற்கிறது. ஸ்னாப்பிங் (அருகிலுள்ள முனைகளைத் தானாக ஒட்டும் வசதி) போட்டு ஒட்டினால், பாசனத் தண்ணீர் வடிகாலுக்குப் போவதாகக் காட்டுகிறது. இரண்டு மதகுகள் படத்திலேயே இல்லை. எங்கே தப்பு சார்?

நீர்க்கோடு:
போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் பிசகும். தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். அதனால் தலைப்பு மதகைத் தனிப் புள்ளியாக எடுங்கள். மதகுச் சுவர் மேல் போனை வைத்து, ஒரு நிமிடம் அசைக்காமல் சராசரி எடுக்க வேண்டும். வாய்க்கால் முனையை அந்தப் புள்ளியில் ஒட்டுவது பிறகு கணினியில் செய்யும் வேலை, கள வேலை அல்ல.

வடிகால் சிக்கல் கீழ்க்குழாயில் இருக்கிறது. வாய்க்கால் வடிகாலைக் கடக்கும் இடத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே போகிறது. இரண்டு தண்ணீரும் கலப்பதில்லை. படத்தில் கோடுகள் வெட்டுவதால் அங்கே ஒரு நோடு (இணைப்புப் புள்ளி) விழுந்தால் கலந்ததாகவே கணக்கு. பாசனத்தையும் வடிகாலையும் தனித்தனி லேயரில் (அடுக்கில்) வையுங்கள். வெட்டுப்புள்ளி ஸ்னாப்பிங்கை அணைத்து, முனைக்கு மட்டும் விடுங்கள். பிராஜெக்ட் 4326-இல் (டிகிரியில் அளக்கும் ஆயமுறை எண்) இருக்கும்போது ஸ்னாப்பிங் தூரம் 5 வரைபட அலகு என்று கொடுத்தால் அது 5 டிகிரி! 32644-க்கு (மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு) மாற்றிய பிறகே 5 மீட்டர் என்று பொருள்.

கடைமடை:
வி.கிளீன் என்ற கோடு திருத்தும் கருவியில் 'பிரேக்' ஏற்கெனவே ஓட்டிவிட்டோமே?

நீர்க்கோடு:
அது வெட்டும் இடமெல்லாம் கோட்டைத் துண்டாக்கிவிடும். கையால் திருத்தினால் ஒன்றிரண்டு கீழ்க்குழாய் கட்டாயம் விட்டுப்போகும். களத்து மூலக் கோப்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

மதகடி:
காணாத மதகுகளுக்கு: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருந்தால் திருவாரூர்ப் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் விழும். 'ஜூம் டு லேயர்' அழுத்தினால் தெரிந்துவிடும். 10 டிகிரி 46 நிமிடம் 30 விநாடியை 10.4630 என்று அடித்திருந்தால் புள்ளி சுமார் 34 கி.மீ. தெற்கே தள்ளிப்போகும், சரியானது 10.775.

ஓட்டத் திசையையும் பாருங்கள். வாய்க்காலின் கடைசி முனையிலிருந்து தலைப்பை நோக்கி நடந்தவர் போட்ட கோடு தலைகீழாக இருக்கும். அம்புக்குறி ஸ்டைல் வைத்தால் கண்ணில் படும். 'ரிவர்ஸ் லைன்' போதும். செயற்கைக்கோள் உயரத் தரவை நம்பித் திசை முடிவு செய்யாதீர்கள். டெல்டாவின் சரிவை விட அதன் பிழை பெரிது. லஸ்கரிடம் (மதகு, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர்) கேளுங்கள். வழக்கப்படி மேட்டூர் மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் இடையில் நடந்தால் கீழ்க்குழாய் வாயே வெளியில் தெரியும்.